கோளாறு பேரலில் இல்லை: ஒரு ஸ்டீவன்ஸ் ஃபேவரிட் ரைஃபிளின் சீரமைப்பு

பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்யும் காரியம் பேரலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது. உள்ளே பளபளவென்று இருந்தால் வாங்கலாம், கருத்துக் குழி விழுந்திருந்தால் விலையைக் குறைக்கலாம் அல்லது விட்டுவிடலாம் என்பது பொதுவான கணக்கு. ஸ்டீவன்ஸ் ஃபேவரிட் விஷயத்தில் இந்தக் கணக்கு பாதிதான் செல்லும். இந்த ரைஃபிளில் ஆபத்தான தேய்மானம் வேறு இடத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க டார்ச்கூட வேண்டாம். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் லீவரை மூடிவிட்டு, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் பிரீச் பிளாக் என்ற இரும்புத் துண்டை இரண்டு விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் போதும்.

இங்கே எழுதப்போவது அப்படி ஆடிய ஒரு துப்பாக்கியைப் பற்றி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிகோபி ஃபால்ஸ் ஊரில் ஜே. ஸ்டீவன்ஸ் ஆர்ம்ஸ் அண்ட் டூல் கம்பெனி செய்தது, 1894 மாடல், .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கானது. அந்தத் தோட்டாவே 1887-ல் இதே கம்பெனியிலிருந்து வந்ததுதான். ஐந்து கிரெய்ன் (தோட்டா உலகத்தின் சின்ன எடை அளவு) கருமருந்து, நாற்பது கிரெய்ன் ஈயக் குண்டு என்று ஆரம்பித்தது. இன்றைக்கும் உலகத்தில் அதிகம் சுடப்படும் தோட்டாக்களில் அது ஒன்று. ஃபேவரிட் ரைஃபிளை அந்தக் காலத்தில் பையன்களுக்கான துப்பாக்கி என்றே விற்றார்கள். எடை குறைவு, விலை குறைவு, உள்ளே பாகங்களும் குறைவு. 1915-ல் கொஞ்சம் கனமான புது மாடல் வந்தது, 1935 வாக்கில் உற்பத்தி நின்றது. பையன்களின் கையில் வளர்ந்த துப்பாக்கி என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இதன் கோளாறுகளில் பாதிக்குக் காரணம் தானாகப் புரிந்துவிடும்.

வாங்கியது

இது ஒரு ஏலத்தில் வந்தது. விவரக் குறிப்பில் "பேரல் மோசம், சில நேரம் வெடிக்கவில்லை, அலங்காரத்துக்கு மட்டும்" என்று போட்டிருந்தார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஃபேவரிட்டுக்குக் கேட்கும் விலையில் பாதிகூட வரவில்லை. "சில நேரம் வெடிக்கவில்லை" என்ற வரிதான் என்னை இழுத்தது. பேரல் கெட்டுப்போனதால் தோட்டா வெடிக்காமல் போகாது. குண்டு கோணலாகப் போகும், அவ்வளவுதான். அப்படியென்றால் இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன, விற்பவர் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார்.

பேரலின் மேல் பொறித்திருக்கும் முகவரியையும் 1894 ஏப்ரல் 17 என்ற காப்புரிமைத் தேதியையும் பார்த்துவிட்டு, "1898-க்கு முந்தையது, சட்டப்படி பழம்பொருள், காகிதம் ஒன்றும் வேண்டாம்" என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல. அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கியைப் பழம்பொருள் என்று விலக்கி வைக்கிறது, உண்மைதான். ஆனால் காப்புரிமைத் தேதி, துப்பாக்கி பிறந்த தேதி ஆகாது. "ஆர்ம்ஸ் அண்ட் டூல்" என்ற பெயர் முதல் உலகப்போர்க் காலம்வரை ஓடியது. ஃபேவரிட்டின் எண்ணை வைத்து வருடத்தைச் சொல்வதும் நம்பக்கூடியதாக இல்லை. நிரூபிக்க முடியாததைச் சாதாரணத் துப்பாக்கியாகவே நடத்துவது நல்லது. உரிமம் பெற்ற டீலர் வழியாக, துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற அரசுப் படிவம் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடித்துத்தான் கைக்கு வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் இதில் மட்டும் யார் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, நான் சொல்வது உட்பட.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய இன்னொன்று பேரலில் குத்தியிருக்கும் அளவு. ஃபேவரிட் .22 தவிர .25 ஸ்டீவன்ஸ், .32 லாங் ஆகிய ரிம்ஃபயர் அளவுகளிலும் வந்தது. அவை ரொம்ப காலத்துக்கு முன்பே வழக்கொழிந்த தோட்டாக்கள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கி, அப்புறம் தோட்டாவுக்குத் தேடி அலைகிறவர்கள் உண்டு.

மேசைமேல்

முதலில், காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டேன். பிறகு ரிசீவருக்கு, அதாவது இயங்கும் பாகங்களைத் தாங்கும் நடுக்கூட்டுக்கு, முன்னால் அடியில் இருக்கும் டேக்டவுன் ஸ்க்ரூவைத் தளர்த்தி பேரலைத் தனியே எடுத்தேன். ஃபேவரிட்டின் பெரிய வசதி இது. கருவி எதுவும் இல்லாமல் இரண்டாகப் பிரித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

பேரலின் வெளிப்புறம் முழுக்கப் பழுப்பு, அங்கங்கே உயிருள்ள செந்துரு. பாதி எண்கோணமாகவும் பாதி உருளையாகவும் இருக்கும் அதன் விளிம்புகள் இன்னும் கூர்மையாகவே இருந்தன, அதாவது யாரும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்ததில்லை. இது எனக்குப் பெரிய ஆறுதல். துரு போகும். மழுங்கிய விளிம்பு திரும்ப வராது. ரிசீவரின் நிறக் கடினப்படுத்தல் (இரும்பின் மேல்தோலைக் கடினமாக்கும்போது படியும் வண்ணங்கள்) எல்லாம் சாம்பலாக மங்கி, லீவரின் மறைவில் மட்டும் நீலமும் வைக்கோல் மஞ்சளுமாக ஒரு தீற்றல் மிச்சம். ஸ்க்ரூ தலைகள் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் சிதைந்திருந்தன. பின்கட்டை வால்நட் மரம். எண்ணெய் ஊறி, ரிசீவரின் வால் பகுதியை ஒட்டி முடியளவு விரிசல்.

பேரலுக்குள்ளே கருப்பு. அந்தக் கருப்பில் துரு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. இந்த வயது .22 பேரல்கள் கெட்டதற்குப் பெரும்பாலும் பிரைமர்தான் காரணம், அதாவது தட்டினால் பற்றி மருந்தைக் கொளுத்தும் கலவை. பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒரு உப்பாக, பேரலில் படியும். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கருமருந்துக் காலத்தில் கரி நிறைய சேரும், ஆகவே எல்லோரும் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள், உப்பும் அதோடு போய்விடும். புகையில்லா மருந்து வந்ததும் பேரல் சுத்தமாக இருப்பதுபோலத் தெரிந்தது, கழுவுவதை விட்டுவிட்டார்கள். அந்த இடைக்காலத்தில்தான் நிறைய பேரல்கள் போயின. அரிக்காத பிரைமர் பரவலானது 1920-களின் கடைசிக்கு அப்புறம்தான்.

ஏன் வெடிக்கவில்லை

ரிம்ஃபயர் தோட்டாவில் பிரைமருக்கென்று தனி மூடி கிடையாது. தட்டினால் பற்றும் கலவை அடி விளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கும். ஃபயரிங் பின் அந்த விளிம்பை பேரலின் பின்முகத்தோடு வைத்து நசுக்க வேண்டும். பின்னால் பிரீச் பிளாக், முன்னால் பேரல் முகம், நடுவில் விளிம்பு. ஹெட்ஸ்பேஸ் என்று சொல்லும் இந்த இடைவெளி .22 லாங் ரைஃபிளுக்கு 0.043 அங்குலம் இருக்க வேண்டும், 0.046-ஐத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டினால் ஃபயரிங் பின் அடிக்கும்போது தோட்டா முன்னால் நழுவி அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டுவிடும். வெடிக்காமல் போகலாம். வெடித்தால் இன்னும் மோசம்: தாங்கல் இல்லாத விளிம்பு பிதுங்கி, கிழிந்து, சூடான வாயு சுடுகிறவரின் முகத்துப் பக்கம் வரும்.

0.043 அங்குல அளவுக்கட்டையை (கேஜ்) வைத்து, அதன் பின்னால் ஷிம் தகடு ஒவ்வொன்றாகச் சேர்த்து லீவரை மூடிப் பார்த்தேன். 0.058 வரை தாராளமாக மூடியது. அலங்காரத்துக்கு மட்டும் என்று எழுதியவர் தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, அந்த வார்த்தை அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது.

இந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது? ஃபேவரிட்டில் லீவர் ஒரு ஸ்க்ரூவிலும் பிரீச் பிளாக் இன்னொரு ஸ்க்ரூவிலும் சுழல்கின்றன. இரண்டையும் இணைப்பது ஒரு சின்ன லிங்க், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு பின். லீவரை மேலே கொண்டுவரும்போது லிங்க் நிமிர்ந்து, நேர்கோட்டை ஒரு இம்மி தாண்டி நிற்கும். முழங்காலை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டு நிற்பது மாதிரி. பூட்டு என்று இந்தத் துப்பாக்கியில் இருப்பது அது ஒன்றுதான். ஒவ்வொரு வெடியின் பின்னுதைப்பும் பிளாக் வழியாக அந்த இரண்டு பின்களிலும் இரண்டு ஸ்க்ரூக்களிலும் போய் விழுகிறது. கூடவே, பையன்கள் லீவரைப் பளார் பளார் என்று அடித்து மூடுவார்கள். ஓட்டைகள் வட்டத்திலிருந்து முட்டை வடிவமாகும், பின்கள் இடுப்பு ஒடுங்கும். ஒவ்வொரு மூட்டிலும் ஒன்றிரண்டு ஆயிரத்தில் அங்குலம் போனாலும், எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து பிளாக்கைப் பின்னால் சாயவிடும்.

வெடிக்காததற்கு இன்னொரு கூட்டாளியும் இருந்தது. பேரல் முகத்தை லென்ஸில் பார்த்தபோது, தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் வாய் விளிம்பில் ஃபயரிங் பின் அகலத்துக்கே ஒரு பள்ளம். தோட்டா இல்லாமல் விசையை இழுத்து இழுத்து விளையாடியதன் அடையாளம். பள்ளத்திலிருந்து ஒதுங்கிய இரும்பு சேம்பருக்குள் சின்ன மேடாகத் தள்ளிக்கொண்டிருந்தது. தோட்டா அதில் இடித்து முழுதாக உட்காரவில்லை. உட்கார்ந்தாலும், ஃபயரிங் பின் அடிக்கும் அதே இடத்தில் விளிம்புக்கு முன்னால் தாங்கல் இல்லை. ஹெட்ஸ்பேஸை மட்டும் சரிசெய்திருந்தால் இது மறைந்தே இருந்திருக்கும்.

எதைத் தொடுவது, எதை விடுவது

இங்கே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இயங்கும் பாகங்களில் பாதுகாப்புக்குத் தேவையானது அத்தனையும் செய்யலாம். பார்வைக்காக மட்டும் எதுவும் வேண்டாம். ரிசீவரை எலும்புக்கரியில் பொதிந்து சூளையில் வைத்து மறுபடி நிறம் ஏற்றலாம், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டுத் தண்ணீரில் போடும்போது மெல்லிய ரிசீவர் கோணிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அதைவிட முக்கியம், நூறு வருடத்துச் சாம்பல் நிறத்தை அழித்தால் திரும்பக் கிடைக்காது. பளபளப்பாக்கிப் புது ப்ளூயிங் (எஃகின் மேல் ஏற்றும் கருநீலப் பூச்சு) போட்ட பழைய ரைஃபிள்களை மேசை மேசையாகப் பார்த்திருக்கிறேன். எழுத்துகள் கரைந்து, ஸ்க்ரூ ஓட்டைகள் கிண்ணம்போல் குழிந்து, சோப்புக் கட்டியில் செதுக்கியது போலிருக்கும். அவற்றுக்கு விலையும் வராது.

பேரலுக்குப் புது லைனர் போடும் யோசனை ஆரம்பத்திலிருந்தே மேசையில் இருந்தது. பழைய துவாரத்தை 5/16 அங்குலத்துக்குத் துளைத்து, வரிப்பள்ளம் வெட்டிய மெல்லிய எஃகுக் குழாயை உள்ளே நுழைத்து, எபாக்ஸியோ ஈயப் பற்றோ வைத்து, பின்னால் புதுச் சேம்பர் வெட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நல்ல வேலை, நான் எதிரியல்ல. ஆனால் ஆடுகிற பிளாக்குக்கு முன்னால் புதுப் பேரலை வைப்பதில் அர்த்தமில்லை. ஆகவே முதலில் ஆக்‌ஷன், அதாவது லீவர், லிங்க், பிளாக் அடங்கிய இயக்கப் பகுதி, பிறகு பேரலைச் சுத்தம் செய்து சுட்டுப் பார்ப்பது, லைனர் தேவையா என்பதைச் சுட்ட குறித்தாளே சொல்லட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

வேலை

ஸ்க்ரூக்களைக் கழற்றுவதே பெரிய பாடு. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, சாலிடரிங் அயர்னின் நுனியை ஸ்க்ரூ தலையில் வைத்துச் சூடாக்கி, மறுபடி எண்ணெய். ஸ்க்ரூடிரைவர் நுனி காடியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் அச்சாகப் பொருந்த வேண்டும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் ஆப்பு வடிவில் இருப்பதால் காடியை விரித்துவிடும். இரு பக்கமும் இணையாகத் தீட்டியதுதான் துப்பாக்கி வேலைக்கு ஆகும். சிதைந்த தலைகளைத் தூக்கிப் போடவில்லை. பிதுங்கிய இரும்பைச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் காடிப் பக்கம் திரும்பத் தள்ளி, ஊசி அரத்தால் காடியை நேராக்கினேன்.

லிங்க்கின் இரு முனைகளிலும் லீவர், பிளாக் ஆகியவற்றின் ஓட்டைகளோடு சேர்த்து ரீமர் என்ற ஓட்டை சீர்படுத்தும் கருவியை விட்டு வட்டமாக்கி, டிரில் ராட் என்ற துல்லிய எஃகுக் கம்பியிலிருந்து சற்றுப் பெரிய பின்களைக் கடைந்தேன். ரீமரை ஓட்டை வட்டமாகிற அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும், அழகுக்கு இன்னொரு சுற்று கூடாது. பிளாக் சுழலும் ஸ்க்ரூதான் யோசிக்க வைத்தது. பொதுவாகச் செய்வது, ரிசீவரின் ஓட்டையையும் சேர்த்துப் பெரிதாக்கி, பெரிய ஸ்க்ரூ போடுவது. ஆனால் அளந்து பார்த்ததில் ரிசீவரின் ஓட்டைகள் இன்னும் வட்டமாகவே இருந்தன. தேய்ந்தது ஸ்க்ரூவின் உடலும் பிளாக்கின் ஓட்டையும். ரிசீவர்தான் இந்தத் துப்பாக்கியின் அடையாளம், அதில் கைவைக்க மனமில்லை. பிளாக்கின் ஓட்டையைப் பெரிதாக்கி அதற்குள் மெல்லிய எஃகு புஷ் (சின்ன உள்குழல்) ஒன்றை அழுத்தி ஏற்றினேன். ஸ்க்ரூவை ரிசீவர் ஓட்டையின் அளவுக்கு லேத்தில் புதிதாகக் கடைந்தோம். மரை பழைய ஸ்டீவன்ஸ் அளவு, கடையில் கிடைக்கும் எந்த ஸ்க்ரூவும் சேராது. இந்த ஒரு பாகத்துக்கு மட்டும் நண்பரின் பட்டறையை நாட வேண்டியிருந்தது.

இந்த வேலையில் பேராசை ஆகாது. இடைவெளியை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று லிங்க்கை நீட்டினால், அது நேர்கோட்டைத் தாண்டாமலே முட்டிக்கொண்டு நிற்கும். லீவர் மூடியது போலத் தெரியும், ஆனால் பூட்டியிருக்காது. வெடித்தவுடன் லீவர் தானாகக் கீழே விழும். ஆகவே ஒவ்வொரு பின் மாற்றிய பிறகும் லீவர் கடைசி இம்மியில் சின்ன இழுப்போடு டக்கென்று உட்காருகிறதா, பிளாக்கைப் பின்னாலிருந்து தள்ளினால் லீவர் திறக்கப் பார்க்கிறதா இன்னும் இறுகுகிறதா என்று சோதித்துக்கொண்டே போனேன். கடைசியில் 0.043 கேஜில் மூடியது, 0.046-ல் மூட மறுத்தது.

சேம்பர் மேட்டுக்கு அரம் போடக் கூடாது. ஒதுங்கியிருப்பது அதே இரும்புதான், அதை இருந்த இடத்துக்கே தள்ள வேண்டும். அதற்கென்றே சேம்பர் அயர்ன் என்று ஒரு கருவி உண்டு: சேம்பர் அளவுக்கு மெருகேற்றிய, நுனி சரிந்த கடின எஃகுக் கம்பி. எண்ணெய் தடவி உள்ளே விட்டு, மேட்டின்மேல் வைத்து உருட்டித் தேய்த்தால் இரும்பு வெளிப்பக்கம் நகர்ந்து பள்ளத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். நுனி மழுங்கிய ஃபயரிங் பின்னை மாற்றி, புதியது பேரல் முகத்தைத் தொடாத நீளத்துக்குத் தீட்டினேன். இனி வெறுமனே விசை இழுத்துப் பார்க்க வேண்டுமானால், சுவரில் ஸ்க்ரூ பிடிக்க அடிக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர் ஒன்றைச் சேம்பரில் போட்டுக்கொள்வேன். .22 சேம்பரில் கச்சிதமாக உட்காரும். காசு செலவில்லாத காவல்.

ஃபயரிங் பின்னை அடிக்கும் ஹேமரைப் பாதியிலும் முழுதாகவும் பின்னிழுத்து நிறுத்தும் பாதி காக், முழு காக் வெட்டுகள் நன்றாக இருந்தன. முழு காக்கில் கட்டைவிரலால் அழுத்தியும் விழவில்லை. அங்கே எண்ணெய்க்கல் போடும் சபலம் பலருக்கு வரும். விசை இலகுவாகும் என்று தேய்த்து, மெல்லிய கடினத் தோலைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. நான் துடைத்து எண்ணெய் விட்டதோடு சரி. டேக்டவுன் ஸ்க்ரூவின் நுனியிலும் அது உட்காரும் பள்ளத்திலும் கெட்டியாகியிருந்த அழுக்கை எடுத்ததும் பேரலின் லேசான ஆட்டமும் போனது.

பேரலுக்குள் வெண்கல பிரஷ்ஷில் செப்புக் கம்பிச் சுருளைச் சுற்றி இழுத்தபோது வந்தது துரு அல்ல, மினுமினுக்கும் ஈயச் சிம்புகள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் துணிகளைத் தனியே கட்டிப் போடுங்கள். சுருள் நிஜமான செம்புதானா என்று காந்தம் வைத்துப் பார்ப்பதும் நல்லது. முலாம் பூசிய இரும்பாக இருந்தால் வரிப்பள்ளத்தைக் கீறிவிடும். ஈயம் போனதும் வரிகள் முழு நீளத்துக்கும் தெரிந்தன. குழிகள் இருந்தன, வரிகளின் ஓரம் மழுங்கவில்லை.

வெளித் துருவுக்குக் கொதிக்கும் தண்ணீர். சைட்டுகளைக் கழற்றி, பேரலை முழுக்க மூழ்கும் நீளத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவிட்டால், செந்துரு கரும் ஆக்சைடாக மாறும். அது காந்தக்கல்லின் அதே சேர்மம், பழைய துரு ப்ளூயிங்கில் இருப்பதும் அதுவே. எண்ணெய் நீக்கிய, மிக நுண்ணிய நான்கு பூஜ்ய (0000) எஃகுப் பஞ்சால் தேய்த்தால் தளர்ந்தது உதிர்ந்து, ஒட்டியது கருமையாக நிற்கும். இரண்டு மூன்று சுற்றில், பழுப்புப் பேரல் ஆழ்ந்த கருஞ்சாம்பலாக வந்தது. இரும்பு கொஞ்சமும் சுரண்டப்படவில்லை, முகவரி எழுத்துகள் முன்னைவிடத் தெளிவு. வாஷிங் சோடாவில் மின்சாரம் விட்டும் துரு எடுக்கலாம், ஆனால் அது மிச்சமிருக்கும் பழைய ப்ளூயிங்கையும் சேர்த்தே எடுத்துவிடும். அந்த வழியில் போகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் துண்டை எதிர்முனையாகப் போடாதீர்கள், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்புத் தூளைப் பசையாக்கிப் பூசி, இளஞ்சூட்டில் எண்ணெயை வெளியே இழுத்தேன். விரிசலில் நீர்த்த எபாக்ஸி விட்டு இறுக்கினேன். ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் வைத்துப் பள்ளங்களை ஓரளவு எழுப்பிவிட்டு, ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். உப்புத்தாள் தொடவில்லை.

சுட்டுப் பார்த்தது

முதல் சில வெடிகள் கயிறு கட்டி, தள்ளி நின்று. காலி உறைகளை ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தேன்: விளிம்பில் பிதுக்கம் இல்லை, ஃபயரிங் பின் தடம் ஆழமாக, விளிம்புக்குள்ளேயே. லீவர் அசையவில்லை. அப்புறம்தான் தோளில் வைத்தேன். போட்டது எல்லாம் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா, நொடிக்கு 1,070 அடி வாக்கில் போகும் நாற்பது கிரெய்ன் ஈயக் குண்டு. ஹை வெலாசிட்டி தோட்டா 1930 வாக்கில் வந்த சமாச்சாரம், அதற்கு முன்பே பிறந்த இந்த லிங்க்குக்கு அது தேவையில்லாத சுமை. தோட்டா பெட்டியில் அனுமதி இருக்கிறதே என்பது வேறு, லிங்க்கின் மனநிலை வேறு.

வெடிக்காமல் ஒன்றும் நிற்கவில்லை. 25 கெஜத்தில், திறந்த சைட்டில், ஐந்து குண்டுகள் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தில் விழுந்தன. குழி விழுந்த பேரல் என்று ஒதுக்கப்பட்ட பேரல் இது. நாலைந்து பெட்டி சுட்ட பிறகும் 0.046 கேஜ் உள்ளே போகவில்லை என்பதுதான் எனக்குக் குறித்தாளைவிடப் பெரிய செய்தி.

ஒரு குறை மட்டும் நிற்கிறது. காலி உறைகள் சுலபமாக வெளியே வருவதில்லை. உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொஞ்சம் இழுத்துவிட்டு நின்றுவிடுகிறது, மிச்சத்தை நகத்தால் இழுக்க வேண்டும். காரணம் உறையிலேயே எழுதியிருக்கிறது: வாயை நோக்கிப் போகும் வழியில் ஒரு வளையம்போல் லேசான புடைப்பு. யாரோ வருடக்கணக்கில் இதில் .22 ஷார்ட் தோட்டா சுட்டிருக்கிறார்கள். ஷார்ட்டின் உறை 0.42 அங்குலம்தான், லாங் ரைஃபிளுக்கு 0.61. ஷார்ட்டின் வாய் முடியும் இடத்தில் சூடான வாயு சேம்பர் சுவரை வளையமாக அரித்துவிடுகிறது. பிறகு லாங் ரைஃபிள் தோட்டாவைப் போட்டால் பித்தளை அந்தப் பள்ளத்துக்குள் உப்பிப் பிடித்துக்கொள்கிறது. மெருகேற்றினால் வளையத்தின் ஓரம் மழுங்கும், பள்ளம் போகாது. லைனர் போட்டால் மட்டுமே இது தீரும். குண்டு போகும் இடத்தில் குறையில்லாதபோது, நகத்தின் சிரமத்துக்காக அசல் பேரலைத் துளைக்க எனக்கு இப்போதைக்கு விருப்பமில்லை. கழற்றிய பழைய பின்கள், ஸ்க்ரூ, ஃபயரிங் பின் எல்லாவற்றையும் சீட்டு எழுதிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், எந்த ஓட்டை எந்த அளவுக்குப் பெரிதாக்கப்பட்டது என்ற குறிப்போடு. அடுத்து இதை வாங்குகிறவர் லைனர் போட நினைத்தால், ஆக்‌ஷனை மறுபடி பிரிக்க வேண்டிய அவசியம் இருக்காது. ஷார்ட் தோட்டா மட்டும் போடாதீர்கள் என்று அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்கிறேன்.